மூவகைத் துன்பங்கள்: கார் நிக்கோபார் காட்டும் பாடம்

நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுக்கக் கூடாது என்பதை நாம் எல்லோரும் ஒப்புக்கொள்வோம். ஆனால் துன்பத்தின் விஷயத்தில் அந்த எச்சரிக்கையை மறந்துவிடுகிறோம். பசியால் வாடுபவனிடம் தத்துவம் பேசுகிறோம். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் பணத்தை நீட்டுகிறோம். அச்சத்தால் உறக்கமிழந்தவனைப் பார்த்து, ‘எல்லாம் விதி’ என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிறோம். இவற்றில் எதுவும் தீய எண்ணத்தால் செய்யப்படுவதன்று. ஆயினும் துன்பம் குறையாமல் போவதுடன், சில வேளைகளில் கூடவும் செய்கிறது.

நம் முன்னோர் துன்பத்தை மூன்றாகப் பகுத்தார்கள். காற்று, மழை, நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சக்திகளால் வருவது ஆதிதைவிகம். மனிதர், விலங்கு முதலிய பிற உயிர்களால் வருவது ஆதிபௌதிகம். நம் உடலிலும் உள்ளத்திலும் தோன்றுவது ஆத்யாத்மிகம். ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை இந்த மூன்றன் தாக்குதலைச் சொல்லித்தான் தொடங்குகிறது. தத்துவ விசாரணையே அங்கிருந்துதான் பிறக்கிறது என்பது அந்நூலின் கொள்கை. உபநிடத பாராயணத்தின் முடிவில் ‘சாந்தி’ என்று மும்முறை சொல்வதற்கும் பெரியோர் இதையே காரணமாகக் கூறுவர்.

சிறு வயது முதல் கேட்டுப் பழகிய பிரிவினை இது. பழகிவிட்டதாலோ என்னவோ, ஒரு பட்டியல் என்ற அளவில் மனப்பாடம் செய்து நிறுத்திக்கொண்டோம். அதன் உண்மையான பயன் வேறு. எந்தத் துன்பம் எங்கிருந்து வருகிறது, அது எவ்வாறு மற்றொன்றாக மாறுகிறது என்று கண்டுகொள்வதற்கே அது வகுக்கப்பட்டது. இம்மூன்றும் ஒரே இடத்தில், ஒரே மக்கள்மீது, ஒன்றன்பின் ஒன்றாக வந்து கவிந்த வரலாறு நம் நாட்டிலேயே, நம் காலத்திலேயே இருக்கிறது. அந்த இடம் கார் நிக்கோபார் தீவு.

நக்கவாரத்து மக்கள்

நிக்கோபார் தமிழர்க்குப் புதிய பெயரன்று. முதலாம் இராசேந்திர சோழனின் கல்வெட்டு, அவனுடைய கடற்படை கண்ட நாடுகளின் வரிசையில் ‘மாநக்கவாரம்’ என்று இத்தீவுகளைக் குறிக்கிறது. அக்கூட்டத்தின் வடகோடியில், போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஏறத்தாழ 270 கி.மீ. தெற்கே இருப்பது கார் நிக்கோபார். பரப்பு சுமார் 127 சதுர கி.மீ. மலைகள் நிறைந்த பெரிய நிக்கோபாரைப் போலன்றி, இது பவளப் பாறைமேல் அமைந்த தட்டையான தீவு. 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இங்கு 20,292 பேர் வாழ்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் நிக்கோபாரிப் பழங்குடியினர், கிறிஸ்தவர்கள். தென்னையும் பன்றியும் அவர்களுடைய செல்வம். விருந்தோ விழாவோ இறுதிச் சடங்கோ, பன்றியின்றி அவர்களுக்கு இல்லை.

அவர்களுடைய வாழ்வின் அச்சாணி ‘துஹேத்’ என்னும் கூட்டுக்குடும்பம். ஒரு துஹேத்தில் இருபது பேரும் இருக்கலாம், நூறு பேரும் இருக்கலாம். நிலமும் தென்னந்தோப்பும் பன்றிகளும் துஹேத்துக்கு உரியவை. யார் எந்தத் தோப்பில் காய் பறிப்பது, யாருக்கு எங்கே குடில் அமைப்பது என்பதை மூத்தவர் கூறுவார். ஊர்ப் பொறுப்பு ‘கேப்டன்’ என்று அவர்கள் அழைக்கும் தலைவரிடம் இருக்கும். கடலோரத்தில் ‘எல்பனம்’ என்று ஓர் இடம் உண்டு. ஊர் கூடுவதும், பிறப்பு இறப்புச் சடங்குகள் நிகழ்வதும் அங்கேதான். ஆகவே ஊர்கள் கடலை ஒட்டியே அமைந்திருந்தன. இதை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் பின்னால் வருவது விளங்கும்.

மனிதரால் வரும் துன்பத்தை இத்தீவு முன்பே கண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில், 1942 முதல் 1945 வரை ஜப்பானியப் படையின் பிடியில் இருந்தபோது, உளவாளிகள் என்ற ஐயத்தின்பேரில் தீவினர் பலர் சித்திரவதை செய்து கொல்லப்பட்டனர். அதில் உயிர் தப்பியவர்களுள் ஒருவர் ஜான் ரிச்சர்ட்சன். பின்னர் பிஷப் ஆனவர். 1952-இல் அமைந்த முதல் மக்களவையில் அந்தமான் நிக்கோபாரின் நியமன உறுப்பினராக அமர்ந்தவர். போருக்குப் பின் அம்மக்கள் மீண்டும் தலையெடுத்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அன்று உயிர்கள் அழிந்தன, துஹேத் அழியவில்லை. தோப்பும் நிலமும் இருந்த இடத்தில் இருந்தன.

கடல் வந்த காலை

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29 மணிக்கு சுமத்ராவின் வடமேற்குக் கடலடியில் நிலம் பிளந்தது. ரிக்டர் அளவு 9-க்கும் மேல். பிளவு ஓரிடத்தோடு நில்லாமல், நிக்கோபார், அந்தமான் தீவுகளின் அடியாக வடக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓடியது. சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் அலை வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கார் நிக்கோபாருக்குச் சில நிமிடங்களே கிடைத்தன. ஓடி ஏறக் குன்று இல்லை. கடலோர ஊர்கள் அடித்தளத்தோடு போயின. அங்கிருந்த விமானப்படைத் தளத்தில் மட்டும் வீரர்களும் அவர்தம் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அந்தமான் நிக்கோபார் முழுவதிலும் மாண்டோரும் காணாமற்போனோருமாக 3,500 பேருக்கு மேல் என்பது அரசுக் கணக்கு.

எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்க நினைவும் அவர்களிடம் இல்லை. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டதுண்டு. அன்று எழுந்த அலை ஒரு மீட்டர் உயரத்தைக்கூட எட்டவில்லை. துறைமுகங்களின் அலைமானிகள் அதைப் பதிவு செய்தன, அவ்வளவே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வந்த கடல் முழுவதும் திரும்பிப் போகவில்லை. நிலநடுக்கத்தால் தீவே ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. தெற்கே இந்திரா முனையில் தாழ்வு நான்கு மீட்டருக்கும் மேல். எனவே கரையோரத் தோப்புகளும் எல்பனங்களும் நிலையாகக் கடலுக்குள் போயின. வெள்ளம் வடிந்தபின் பழைய வீட்டு மனைக்குத் திரும்பும் ஆறுதல்கூட அவர்களுக்கு இல்லை.

‘அவர்கள் செய்த வினையா?’

இவ்விடத்தில் அன்பர்கள் மனத்தில் ஒரு கேள்வி எழலாம். அந்நாட்களில் பல சபைகளிலும் எழுந்த கேள்விதான் அது. இத்தனை பேர் ஒரே காலையில் மாண்டது அவர்களுடைய பூர்வ வினையா? கடவுளின் தண்டனையா?

இதே விவாதம் நம் நாட்டின் இரு பெருமக்களிடையே நடந்திருக்கிறது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனை இது என்றார் காந்தியடிகள். தீண்டாமையை எதிர்ப்பதில் அடிகளோடு ஒன்றி நின்றவரான இரவீந்திரநாத் தாகூர் இதை ஏற்கவில்லை. இயற்கை நிகழ்வுக்கு அறநெறிக் காரணம் கற்பிப்பது மக்களின் பகுத்தறியும் திறனைக் குலைக்கும் என்று மறுத்து எழுதினார். அம்மறுப்பைத் தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார் காந்தியடிகள். இருவரும் தத்தம் நிலையை விடவில்லை.

இதில் தாகூரின் பக்கம் நிற்பதே தகும் என்று தோன்றுகிறது. கடலடித் தட்டுகள் நூற்றாண்டுகளாகச் சேர்த்துவைத்த இறுக்கம் ஒருநாள் அவிழ்ந்தது. அதன் வழியில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை அது பார்ப்பதில்லை. ஆதிதைவிகம் என்று நம் முன்னோர் ஒரு வகையைத் தனியே பிரித்து வைத்ததற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவன்மீது பழி போட இடமில்லாத துன்பம் அது. வினைக் கோட்பாடு ஒருவன் தன் வாழ்வைத் தானே திருத்திக்கொள்ளப் பயன்படும் கண்ணாடி. அதை அடுத்தவன் முகத்துக்கு எதிரே பிடிப்பவன், தன் வீடு நனையாமல் இருப்பதால்தான் பிடிக்கிறான். திருக்குறளின் ‘இடுக்கண் அழியாமை’ அதிகாரத்துக்கும் இது பொருந்தும். இடுக்கணில் இருப்பவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியதை, வெளியே இருப்பவன் அவனுக்கு உபதேசிக்கும்போது அது வேறொன்றாகிவிடுகிறது.

கை கொடுத்த துன்பம்

அலைக்குப் பின் உதவி வந்தது. கப்பலிலும் விமானத்திலும் அரிசியும் குடிநீரும் மருந்தும் வந்தன. அவை உயிர் காத்தன. கொள்ளை நோய் எதுவும் பரவாமல் தடுத்தன. அதை நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனால் நிவாரணம் நீண்டு மறுவாழ்வுத் திட்டமாக மாறியபோது, வேறொன்று நிகழத் தொடங்கியது. நிக்கோபார்த் தீவுகளை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் சிம்ரன் ஜித் சிங், பொருந்தாத உதவியின் பெருக்கே அம்மக்களுக்கு மற்றொரு பேரிடராயிற்று என்னும் கருத்துப்பட எழுதியிருக்கிறார்.

சிறியவற்றை விட்டுவிடலாம். வெப்ப மண்டலத் தீவுக்குக் கம்பளிப் போர்வைகள் வந்தது, அனுப்பியவர்களின் அவசரத்தையும் நல்ல மனத்தையும்தான் காட்டுகிறது. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது வேறு. இழப்பீடு கொடுக்க ஒரு கணக்கு வேண்டும். கணக்குக்கு ‘குடும்பம்’ என்றால் என்ன என்பதற்கு ஒரு வரையறை வேண்டும். கணவன், மனைவி, குழந்தைகள் என்று நிலப்பகுதியில் வழங்கும் வரையறையே அங்கும் வழங்கியது. பணம் தனித்தனி ஆட்களின் வங்கிக் கணக்குக்கு வந்தது. வீடும் தனிக் குடும்பத்துக்கென்று வந்தது. நிலமும் மரமும் பன்றியும் பொதுவாக இருந்த இடத்தில், பணம் மட்டும் என்னுடையது உன்னுடையது என்று பிரிந்து நின்றது. மூத்தவரின் சொல்லுக்கு அதன்மேல் அதிகாரம் இல்லை. தோப்பு இல்லாததால் இளைஞருக்குச் செய்ய வேலையும் இல்லை. இலவச அரிசி இருந்ததால் பட்டினியும் இல்லை. கையில் பணம் இருந்தது. இரு சக்கர வண்டிகளும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் மதுவும் வந்தன.

யாரைக் குற்றம் சொல்வது? படிவம் தயாரித்த அலுவலர் தம் கடமையைச் செய்தார். பணம் பெற்றவர் தமக்குரியதைப் பெற்றார். ஆதிபௌதிகத் துன்பம் என்றவுடன் நாம் திருடனையும் பகைவனையும் பாம்பையும் நினைக்கிறோம். 1942-இல் இத்தீவில் இறங்கிய படையை நினைத்தால் அது சரிதான். நல்லெண்ணம் கொண்டவர்களாலும் அதே வகைத் துன்பம் விளையக்கூடும் என்பதற்குக் கார் நிக்கோபார் சான்று. இங்கே காரணம் பகையன்று, அறியாமை. எதிரே இருப்பவர் எப்படி வாழ்கிறார் என்று கேட்டறியாமல், நாம் வாழ்வதுபோல்தான் எல்லோரும் வாழ்கிறார்கள் என்று எண்ணும் அறியாமை.

இத்தனைக்கும் அம்மக்கள் வாய்மூடி இருக்கவில்லை. எங்களுக்கு வீடு கட்டித் தர வேண்டாம், கருவிகளைக் கொடுங்கள், நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று தீவின் தலைவர்கள் தொடக்கத்திலேயே கேட்டார்கள். அரிவாளும் கோடரியும் ஆணியும் கேட்ட அந்தக் கோரிக்கை நாளேடுகளிலும் வந்தது. பெற்றோரை இழந்த குழந்தைகள் துஹேத்துகளிலேயே வளர்ந்தார்கள். சிற்றப்பனும் பெரியம்மாவும் இருக்கும்போது, அவர்களுக்கு அந்தக் குழந்தை அநாதையாகத் தோன்றவில்லை.

கடல் ஓய்ந்த பின்னும் உள்ளே ஓயாதது

இனி மூன்றாவது வகை. துன்பம் வெளியிலிருந்து வந்தாலும் அது தங்குமிடம் நம் உடலும் மனமும்தான். துன்பத்தின் விளைவுகளைப் பதஞ்சலி முனிவர் வியக்கத்தக்க துல்லியத்தோடு கண்டார். யோக சூத்திரத்தின் முதற்பாதத்தில், சிதறிய மனத்தோடு கூடவே வருபவை என்று அவர் நான்கைக் கூறுகிறார். முதலாவது துக்கம். அடுத்தது தௌர்மனஸ்யம், அதாவது விரும்பியது கைகூடாததால் மனம் கசந்து சோர்தல். அதற்கடுத்தது உடல் நடுக்கம். கடைசியாக, மூச்சின் ஒழுங்கு கெடுதல். குருட்சேத்திரத்தில் அர்ச்சுனனுக்கு வாய் உலர்ந்ததும், உடல் நடுங்கியதும், காண்டீவம் கை நழுவியதும் நினைவுக்கு வரும். அவன் கோழையாக இருந்ததால் அவ்வாறு நிகழவில்லை. துன்பம் மனத்தோடு நில்லாமல் தோலுக்கும் மூச்சுக்கும் இறங்குவது அதன் இயல்பு.

இன்றைய மருத்துவம் இதன் வழியை விளக்குகிறது. ஆபத்தைக் கண்டவுடன் அட்ரினலின் சுரக்கிறது; இதயம் விரைகிறது; மூச்சு மேலேறுகிறது. ஓடவோ எதிர்க்கவோ உடலை ஆயத்தப்படுத்தும் ஏற்பாடு இது. கார்ட்டிசால் என்னும் சுரப்பு அந்த ஆயத்த நிலையை நீட்டிக்கிறது. ஆபத்து விலகியதும் எல்லாம் அடங்கிவிட வேண்டும். அடங்காமல் மாதக்கணக்கில் நீடித்தால் உறக்கம் கெடும், பசி மந்தமாகும், இரத்த அழுத்தம் ஏறும், காரணம் தெரியாத வலிகள் தோன்றும். இத்துறையின் முன்னோடியான ஹான்ஸ் செல்யே 1936-இல் தம் முதற்குறிப்பை வெளியிட்டார். உடலைத் தூண்டும் இறுக்கம் எல்லாமே தீயதன்று, நல்லதும் உண்டு, துன்பமாக முற்றுவதும் உண்டு என்று பின்னாளில் அவர் பிரித்துக் காட்டினார். வீணைத் தந்தியை முறுக்கியவர்களுக்கு அது புதுச் செய்தியாக இராது.

சுனாமிக்குப் பின் அந்தமான் நிக்கோபாரில் பணியாற்றிய பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர்கள் கண்டறிந்தவை நம் பொருளுக்கு மிக நெருக்கமானவை. பெரும்பாலோர் துயருற்றாலும் மனநோய்க்கு ஆளாகவில்லை. ஆளானவர்களை ஒப்பிட்டபோது, தம் இடத்திலேயே இருக்க முடிந்தவர்களைவிட இடம் பெயர்க்கப்பட்டவர்களிடமே பாதிப்பு மிகுதியாக இருந்தது. மன அச்சமும், உடல்வலியாக வெளிப்படும் மனத்துயரும் அவர்களிடம் காணப்பட்டன. மக்களைத் தாங்கி நிறுத்தியவை எவை என்பதையும் அம்மருத்துவர்கள் குறித்தார்கள்: கூட்டுக்குடும்பம், சமூகத்தின் ஆதரவு, தந்நலம் கருதாத ஊர்த் தலைவர்கள், இறைநம்பிக்கை.

இந்தப் பட்டியலைச் சற்று நிதானித்துப் படிக்க வேண்டும். இதில் முதலாவதாக உள்ளதைத்தானே வங்கிக் கணக்கும் தகரக் கொட்டகை வரிசையும் பிரித்து வைத்தன? உடலுக்குக் கூரை கொடுத்தபோது மனத்தின் கூரை விலகியது. அது விலகிய இடத்தில் தௌர்மனஸ்யம் குடியேறியது. அதைத் தணிக்க மது, மதுவால் சண்டை, சண்டையால் வேறொருவர்க்குத் துன்பம். ஒருவனுடைய ஆத்யாத்மிகத் துன்பம் அவன் மனைவிக்கும் பிள்ளைக்கும் ஆதிபௌதிகத் துன்பமாகிவிடுவதைக் காண்கிறோம். விளைவு காரணமாகிறது. இந்தச் சுழற்சியைக் காண நாம் தீவுவரை போக வேண்டியதில்லை. மதுவால் வருந்தும் குடும்பம் நம் தெருவிலும் இருக்கிறது. அங்கே குடிப்பவனை மட்டும் பார்த்து வெறுக்கிறோம். அவனுக்கு முன்னால் எந்தத் தோப்பு மூழ்கியது என்று கேட்பதில்லை. கேட்பதால் அவன் செய்வது நியாயமாகிவிடாது. ஆனால் மருந்து எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரியும்.

வந்துவிட்ட துன்பத்தை வராததாக ஆக்க முடியாது. இன்னும் வராத துன்பத்தைத்தான் விலக்க முடியும் என்பது பதஞ்சலியின் மற்றொரு தெளிவு. கார் நிக்கோபாரில் அலை வந்துவிட்டது. அதை யாரும் விலக்கியிருக்க முடியாது. அடுத்து வந்தவற்றில் பெரும்பகுதி விலக்கியிருக்கக் கூடியது. துன்பத்தில் இருப்பவரிடம் போகும் நாம், கையில் கொண்டுபோவதைக் கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்கலாம். ‘உங்களுக்கு இப்போது எது வேண்டும்?’ என்பது ஒன்று. ‘உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?’ என்பது மற்றொன்று. இரண்டாவதற்குக் கிடைக்கும் விடையில் வரும் பெயர்களை உடனே தேடிப் போய் அழைத்துவருவது, பல வேளைகளில் நாம் கொண்டுபோன பையைவிடப் பெரிய உதவியாக இருக்கும். யாரும் இல்லை என்று விடை வந்தால், சிறிது காலத்துக்கேனும் அந்த இடத்தில் நாம் உட்கார வேண்டியிருக்கும். அப்படி உட்காரும்போது பேச வேண்டிய கட்டாயமும் இல்லை.

காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கார் நிக்கோபாரின் மக்கள்தொகை 17,841. அதற்கு முந்தைய கணக்கைவிட 2,451 குறைவு. எஃகுச் சட்டமும் தகரக் கூரையும் நிலப்பகுதியிலிருந்து கப்பலேறி வந்து நிரந்தர வீடுகளாக எழுந்து முடியவே பல ஆண்டுகள் ஆயின. அவ்வீடுகள் கைக்கு வந்த பின்னும், பலர் அருகிலேயே மரமும் ஓலையும் கொண்டு தமக்கென்று ஒரு குடிலைக் கட்டிக்கொண்டார்கள். அடுப்பு அங்கே எரிந்தது. பேச்சும் அங்கேதான் நடந்தது. நெட்டைத் தென்னங்கன்று ஒன்று காய்க்க ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வேண்டும். சுனாமிக்கு அடுத்த மழையில் ஒரு மூதாட்டி நட்டுவைத்த கன்று முதற்பாளை விடும்போது, உதவிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் எப்போதோ ஊர் திரும்பியிருப்பார்கள்.